நானூற்றைம்பது ரேண்டுக்குக் காற்று

டோங்காட்டில் கரும்பு எரிக்கும் மாதங்களில்
வெள்ளைத் துணியை யாரும் வெளியே உலர்த்துவதில்லை.
விடிவதற்குள் கறுப்புச் சுருள்கள் இறங்கிவிடும்,
ஊதினால் பறக்கும், தொட்டால் அப்பும்.
அந்த மாதத்தில் போய்
காருக்குப் புது மூக்கு வாங்கினேன்.

கிரெசிடா. எண்பத்தைந்தில் பிறந்தது.
மணவிலக்கில் என் பக்கம் வந்தவை
இதுவும் ஒரு ஃப்ரீசரும்.

இசிப்பிங்கோ கடையில் ரூபன் நாயக்கர்
சிவப்புக் கூம்பை எடுத்து
மாம்பழம் போல உள்ளங்கையில் உருட்டினார்.
"பத்துக் குதிரை கூடும், மேடம்."
பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
குதிரை எதுவும் விழவில்லை.
நானூற்றைம்பது ரேண்ட். ரசீது கேட்டால் ஐந்நூறு.

சனிக்கிழமை காலை,
ஆலை எடைமேடையில் இரவு வேலை முடித்து
தூங்காமல் பானெட்டைத் தூக்கினேன்.
பழைய ஃபில்டர் ஒரு வட்டச் சட்டிக்குள் இருந்தது,
மூடியின் உச்சியில் சிறகுத் திருகு.
அசையவில்லை. எண்ணெய் விட்டேன். திட்டினேன்.
இடுக்கியால் பிடித்ததும்
கிரீச்சென்று ஏதோ பதில் சொல்லிக் கழன்றது.

காகித மடிப்புகளைப் படியில் தட்டினேன்.
சாம்பல்.
தேனீ ஒன்று, வயிறு இல்லாமல்.
ஈசல் சிறகுகள், ஸ்டேஞ்சர் சாலைச் செம்மண்,
அப்புறம்
பொட்டளவு வெள்ளித்தாள் வட்டம்,
கல்யாணக் காரின் மேல் அள்ளி வீசுவார்களே, அது.

எங்கள் கல்யாணத்துக்கு வாடகை வேன்.
போன ஆகஸ்டில்
தன் கியர்பாக்ஸ் போய்விட்டதென்று
இரண்டு வாரம் இதை இரவல் கேட்டார் அவர்.
கொடுத்தேன். கழுவித் திருப்பித் தந்தார்.
மேலே மட்டும் கழுவியிருக்கிறார்.

வட்டத்தைப் படி விளிம்பில் வைத்தேன்.
காற்று எடுத்துக்கொண்டது.
வேலையைப் பார்த்தேன்.

முழங்கைக் குழாய் சரியாக உட்கார்ந்தது, கூம்பும்தான்.
இறுக்கும் வளையத்தைக் காணோம்.
யானையை விற்றவர் அங்குசத்தைத் தனியாக விற்பார் போல.
பக்கத்து வீட்டு ம்லுங்கிசி
தன் வாஷிங் மெஷின் குழாயிலிருந்து
ஒன்றைக் கழற்றி வந்தான்,
கூடவே அவன் வீட்டுத் தரையெல்லாம் தண்ணீர்.
"ஹாவ், இது ஏன் அனாதையாகத் தொங்குகிறது?"
எஞ்சின் பெருமூச்சு விடும் சின்னக் குழாய்.
சட்டியோடு அதன் வீடும் போயிருந்தது.
என் கிழிந்த ஸ்டாக்கிங்கில் ஒரு துண்டு வெட்டி
வாயைக் கட்டினோம்.
இன்னொரு நாள் நல்லதாகச் செய்யலாம்.

சாவியைத் திருப்பினேன்.
அடேயப்பா.
இத்தனை வருடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது
இப்போது வாயைத் திறந்து பேசியது.
எதிர்வீட்டுத் தவமணி
திரையை விலக்கினாள், மூடினாள், மறுபடி விலக்கினாள்.

ஆனால் மேய்ட்ஸ்டோன் ஏற்றத்தில்
சத்தம் முன்னே போனது,
கார் பின்னே வந்தது.
முன்பு மூன்றில் ஏறிய மேட்டை
இரண்டில் ஏறியது, மூட்டுவலிக்காரி மாதிரி.
ம்லுங்கிசி கூம்பைத் தொட்டுக் கையை உதறினான்.
அடுப்பு மேல் மூக்கை வைத்துவிட்டு
குளிர்காற்று எங்கே என்றால்?

ஞாயிறு முழுக்க
துணி உலர்த்தியின் பழைய வெப்பக்குழாயை
முன்விளக்குக்கு அருகிலிருந்து கூம்பின் வாய்வரை
வளைத்து, கம்பியால் கட்டி,
இரண்டு நகம் உடைத்து முடித்தேன்.
மாலையில் அதே மேடு.
மூன்றில் ஏறியது. முன்பு போலவே.
முன்பைவிட நன்றாக என்று சொல்ல ஆசைதான்.

இறக்கத்தில் வயல் எரிந்துகொண்டிருந்தது.
கண்ணாடியை ஏற்றியிருக்கவேண்டும்.
இறக்கினேன்.
தீயின் இரைச்சலும் காரின் இரைச்சலும்
எது எதுவென்று தெரியாமல் கொஞ்ச தூரம்.
மடியில் கறுப்புச் சுருள் ஒன்று விழுந்தது.
சிவப்புக் கூம்பில் எத்தனை விழுந்தனவோ.

திங்கள் இரவு எடைமேடையில்
கரும்பு லாரிக்காரர் தலையை நீட்டினார்.
"உன் காரில் என்ன சத்தம், கோகி?"
"குதிரை."
"எத்தனை?"
ஆலைக் கணக்கு எழுதும் கை,
பொய் எழுதிப் பழக்கமில்லை.
"ஒன்று," என்றேன்.
அவர் சீட்டை வாங்கி நகரும்போது
கூப்பிட்டுத் திருத்தினேன்:
"ஒன்றரை."